கறிவேப்பிலையில் நகரும் ‘எச்சம்’: மருந்து அடிக்குமுன்

காரைக்குடிப் பக்கம் ஒரு மழை விழுந்து கறிவேப்பிலையும் எலுமிச்சையும் துளிர்விட்டால் போதும், தோட்டக்கலை ஆலோசகனான எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம். “குருவி எச்சம்னு நெனச்சேன் தம்பி, தொட்டா நகருது” என்பார்கள் ஆச்சிமார். அடுத்து, “என்ன மருந்து அடிக்கலாம்?”

மருந்தே வேண்டாம் ஆச்சி. அது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி தளிரில் இளமஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். புழு தோலுரித்துத் தோலுரித்து வளரும்; அதில் நான்காம் பருவம் வரை கறுப்பும் வெள்ளையுமாக எச்சம் மாதிரியே கிடக்கும்; பறவைகளை ஏமாற்றத்தான் இந்த வேஷம். ஐந்தாம் பருவத்தில் பச்சைக்கு மாறிவிடும். அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவட்டை ஒன்று நீளும், வாடையும் வரும். கடிக்காது, கொட்டாது. கோயில் நந்தவனத்து வில்வத்திலும் இதைப் பார்க்கலாம். பூச்சியானபின் கறுப்புச் சிறகில் இளமஞ்சள் திட்டுகள், பின்சிறகில் சிவப்புப் பொட்டு; அழகிக்கு வால் மட்டும் கிடையாது.

லின்னேயஸ் 1758-ல் பெயர் சூட்டிய இந்த இனத்துக்கு (பப்பிலியோ டெமோலியஸ்) வட்டாரத்துக்கு வட்டாரம் துணையினங்கள் உண்டு. நம் கொல்லையில் பறப்பது டெமோலியஸ் டெமோலியஸ். செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போன மலேயாவில் மலயானஸ். ஆஸ்திரேலியாவின் ஸ்தெனெலஸ் புழுவோ பெரும்பாலும் பயறுக் குடும்பத்துக் காட்டுச்செடிகளைத்தான் தின்கிறது; எலுமிச்சைத் தோட்டக்காரர்களுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. 2004-ல் கரீபியனில் உள்ள டொமினிக்கன் குடியரசில் இந்த இனம் திடீரென்று தென்பட்டபோது, மரபணுவைப் பார்த்துத்தான் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஒரே பெயராக இருந்தாலும் இடத்துக்கு இடம் தீனி மாறுவதால், இணையத்தில் ஏதோ ஒரு நாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

வளர்ந்த மரம் நாலு புழுவுக்குத் தளிர் கொடுத்தும் தாங்கும். ஆபத்து நாற்றுக்கும் இளஞ்செடிக்கும்தான். நாலைந்து புழு சேர்ந்தால் மொட்டையடித்துவிடும். காலையில் இலையைப் புரட்டிப் பார்த்துக் கையாலேயே எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள். கறிவேப்பிலையில் அடிக்கும் விஷம் அன்றைக்கே குழம்புக்கு வந்துவிடும் என்பது ஒருபுறம். இந்த வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிட்டு அழிக்கும் பொடிக் குளவிகளும் அதில் செத்துப்போகும். நாற்றங்கால் வைத்திருப்பவர்கள், கையால் எடுத்து மாளாது என்றால், 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைச் சாயங்காலத்தில் தெளிக்கலாம். அப்புறம், புதுச் செடி வாங்கும்போது துளிரில் முட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.