மெகலடான் அழிந்து 36 லட்சம் வருஷம் ஆகிறது

"மெகலடான் இன்னும் மரியானா அகழியில் இருக்கிறதாமே சார்?" கடல் உயிர்களைப் பற்றி எங்கே பேசப் போனாலும் முதல் கேள்வி இதுதான். மெகலடான் என்பது பழங்காலத்து ராட்சதச் சுறா; மரியானா அகழி பசிபிக்கில் இருக்கும் உலகின் மிக ஆழமான கடல் பள்ளம். கடைசியாகக் கேட்டவர் ஓர் அறிவியல் ஆசிரியர். ஆதாரமாக வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ துண்டு ஒன்றையும் காட்டினார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மெகலடான் உயிரோடு இருக்கிறது என்று 2013 ஆகஸ்டில் டிஸ்கவரி சேனல் 'ஷார்க் வீக்' என்ற சுறா வாரத்தில் ஒளிபரப்பிய படம் அது. அதில் வரும் விஞ்ஞானிகள் நடிகர்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பின்னால் ராட்சதத் துடுப்பு தெரியும் பழைய படம் ஒட்டுவேலை. சில சம்பவங்கள் நாடகமாக்கப்பட்டவை என்ற அறிவிப்பு, கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் ஓடும். அமெரிக்காவில் சுமார் 48 லட்சம் பேர் பார்த்தார்கள். வாட்ஸ்அப் துண்டில் அந்த அறிவிப்பும் இருக்காது.

சரி, ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மெகலடான் அழிந்து ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. "ஆழ்கடலை யார் முழுசாகப் பார்த்தார்கள்?" என்பீர்கள். பார்க்கவே வேண்டாம். சுறாவுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும்; வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். மெகலடான் இன்று இருந்தால் உள்ளங்கை அகலப் பற்கள் புத்தம் புதிதாக, வெள்ளையாக, இழுவலையில் வந்தபடி இருக்க வேண்டும். கிடைப்பதெல்லாம் கல்லாகிப்போன பற்கள். அப்புறம் சாப்பாடு. அது திமிங்கிலங்களையே தின்ற மீன். பல் தடம் பதிந்த திமிங்கில எலும்புகள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. இன்று கரை ஒதுங்கும் எந்தத் திமிங்கிலத்தின் மேலும் அப்படியொரு கடி இல்லை. அதன் குட்டிகள் வளர்ந்தது பனாமா போன்ற இடங்களில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலோரத்தில். பத்து கிலோமீட்டர் ஆழத்துக் குளிரில் அந்த உடம்புக்கு யார் தீனி போடுவது? உடனே சீலகாந்தைக் கொண்டுவருவார்கள், அழிந்துவிட்டதாக நினைத்த அந்த மீன் 1938-இல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு கிடைத்ததே என்று. சீலகாந்த் இரண்டு மீட்டர் மீன். பகலில் பாறைக் குகையில் கிடக்கும். திமிங்கிலத்தை வேட்டையாடுகிற மீனுக்கு அப்படி ஒளிந்து காலம் தள்ள வழியில்லை.

மக்கள் இதைத்தானே கேட்கிறார்கள் என்பது சேனல்காரர்களின் வாதம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பயந்து பார்க்க ஆசைதான், யாருக்கு இல்லை? ஆனால் காதில் பூச்சுற்றினால் கோபம் வருகிறதே. 2013-இல் திட்டு வாங்கினார்கள். இனி இப்படிப் போலிகள் வராது என்று 2015-இல் சேனலின் புதிய தலைவர் சொன்னார். 2017-இல் ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் வெள்ளைச் சுறாவோடு 100 மீட்டர் நீந்துகிறார் என்று விளம்பரம். திரையில் வந்தது கணினி வரைந்த சுறா. மறுபடியும் திட்டு. நிஜச் சுறாவுக்குப் பக்கத்தில் ஆளை இறக்கவா முடியும் என்று சிரிக்கலாம். ஆனாலும் விளம்பரத்தை நம்பி உட்கார்ந்தவர் மேல் என்ன தப்பு?

இத்தனைக்கும் நிஜக் கதை கையருகே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் பே விரிகுடாவில் வெள்ளைச் சுறா தண்ணீரை விட்டு எம்பி, சீல் என்ற கடல் விலங்கைக் கவ்வும் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. (அவற்றில் பல, படகின் பின்னால் கயிறு கட்டி இழுத்த பொம்மை சீலுக்குப் பாய்ந்தவை. கடல் படம் எடுப்பவர்களிடையே இது ரகசியமே இல்லை.) அந்த விரிகுடாவில் இன்று வெள்ளைச் சுறாவைக் காண்பதே அபூர்வம். 2017-இல் பக்கத்துக் கடலோர ஊரான கான்ஸ்பாயில் பெரிய பெரிய சுறாக்கள் செத்து ஒதுங்கின. மார்புத் துடுப்புகளுக்கு நடுவே கிழிசல். உள்ளே ஈரலைக் காணோம், மீதி உடம்பில் பெரிதாகக் கைவைத்ததாகவே தெரியவில்லை. ஓர்காக்களின், அதாவது கொலைத் திமிங்கிலங்களின் வேலை. ஃபால்ஸ் பே காலியானதற்கு ஓர்காதான் காரணமா, மனிதர் பிடித்துத் தீர்த்ததும் காரணமா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. இதைவிட என்ன மர்மம் வேண்டும்?

இனி பார்க்கிறவர்களுக்கு. முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரே சுறா வீடியோவுக்குத் திகில் இசை சேர்த்தால், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிட இசையோடு பார்த்தவர்கள் சுறாவை மோசமாக மதிப்பிடுகிறார்கள் என்று 2016-இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. திரையில் 'விஞ்ஞானி' வந்தால் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது இருக்கும், நடிகருக்கு இருக்காது. நீருக்குள் மனிதர் நிற்கும் கூண்டைச் சுறா முட்டினால் தண்ணீரில் மீன் ரத்தமும் துண்டுமாகக் கொட்டியது யார் என்று கேளுங்கள். கடைசி எழுத்துகள் ஓடும்வரை எழுந்திருக்காதீர்கள். தயவுசெய்து, துண்டு வீடியோவை ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

2023-இல் உலகம் முழுக்கச் சீண்டாமலே சுறா கடித்ததாகப் பதிவானவை 69. இறந்தவர்கள் 10 பேர். நாம் கொல்லும் சுறா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8 கோடி. சுறா அதிகம் பிடிக்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியாவும் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சுறா காட்ட வேண்டுமா? ஒரு நாள் விடிகாலையில் காசிமேட்டுக்கோ தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கோ கூட்டிப் போங்கள். சுறாவைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். எந்த மீன் எங்கே பிடிபட்டது, முன்பு எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது என்று அங்கே இருக்கிற மீனவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.