டெக்சஸில் வேட்டைக்குப் போகுமுன்: பாதுகாப்புப் பாடம் யாருக்குக் கட்டாயம், எப்படி முடிப்பது?

டெக்சஸில் குடியேறி நாலைந்து வருடம் ஆன நம்மவர்களை, அலுவலக நண்பர் யாராவது ஒருநாள் "இந்த சீசன் எங்களோட மான் வேட்டைக்கு வாயேன்" என்று கூப்பிடுவது சகஜம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே குற்றம் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கும். இங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட, லைசன்ஸ் போட்டுச் செய்கிற வேலை. ஆனால் லைசன்ஸ் மட்டும் போதாது. வேட்டைப் பாதுகாப்புப் பாடம் என்று ஒன்று இருக்கிறது. அது யாருக்குக் கட்டாயம் என்பதைப் பிறந்த தேதி தீர்மானிக்கிறது.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் டெக்சஸில் வேட்டையாட இந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர், வெளிமாநிலத்துக்காரர் என்ற பேதம் இல்லை. தேதி ஏன் இப்படி விநோதமாக இருக்கிறது என்று கேட்கலாம். 1988 செப்டம்பரில் பாடம் கட்டாயமானது. அன்றைக்கு 17 வயது நிரம்பியவர்களை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து தொடங்கினார்கள். அந்தக் கோடு அப்படியே நின்றுவிட்டது. அதனால் 54 வயதுக்காரர் படித்துவிட்டு வர வேண்டும், 60 வயதுக்காரர் நேராகக் காட்டுக்குள் போகலாம் என்கிற வேடிக்கை இன்றும் நடக்கிறது. ராணுவத்தில் பணியில் இருப்பவர்கள், கௌரவமாக விடைபெற்று வந்தவர்கள் போன்ற சிலருக்கும் விலக்கு உண்டு.

வயதுவாரியாகப் பார்த்தால் கணக்கு இப்படி. ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் பெரியவர் துணையோடு வேட்டையாடலாம். 9 முதல் 16 வயது வரை இரண்டில் ஒன்று: பாடத்தை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் துணை வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் துணை மட்டும் போதாது. பாடம் முடித்திருக்க வேண்டும், அல்லது 10 டாலர் கட்டித் தவணை, அதாவது பாடத்தைப் பிறகு முடிக்கத் தள்ளிவைக்கும் அனுமதி, வாங்கிக்கொண்டு, அப்புறம் துணையோடும் போக வேண்டும்.

"துணை" என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். கூட ஒரு நண்பர் வருகிறார், அவரிடம் லைசன்ஸ் இருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. துணைக்கு வருபவருக்கு 17 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அவர் பெயரில் டெக்சஸ் வேட்டை லைசன்ஸ் இருக்க வேண்டும். அவரும் பாடம் முடித்திருக்க வேண்டும், அல்லது 1971 கோட்டுக்கு முன்னால் பிறந்தவராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரணக் குரலில் பேசினால் கேட்கிற தூரத்தில் அவர் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு பரணில், அவர் அரை மைல் தள்ளி இன்னொரு பரணில், நடுவில் வாட்ஸ்அப் என்றால் அது துணை ஆகாது. தவணை வாங்கிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கவும் முடியாது.

அந்தத் தவணை ஒரு வருடம் வரைக்கும்தான், அதுவும் ஒரே ஒரு முறைதான். பாடம் இல்லாமல் வேட்டையாடிப் பிடிபட்டு ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்கு அது கிடைக்காது. என் கருத்தைக் கேட்டால், நாளை மறுநாள் வேட்டை, பாடம் முடிக்க நேரமே இல்லை என்கிறவருக்குத்தான் தவணை. மற்றவர்கள் அந்தப் பத்து டாலரோடு இன்னும் ஐந்து டாலர் சேர்த்து வகுப்புக்கே போய்விடலாம்.

எங்கே, எப்படிப் படிப்பது?

பாடத்தை நடத்துவது டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறை. எல்லோரும் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வழிகள் இருக்கின்றன. 17 வயது ஆனவர்கள் முழுக்க முழுக்க ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். துறை அங்கீகரித்த நிறுவனங்கள் நடத்துகின்றன, கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துறையின் இணையதளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகப் போவது நல்லது. தேடுபொறியில் முதலில் வருகிற விளம்பரத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று பிறகு யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, நேரடி வகுப்பு. ஒருநாள் பாடம், கட்டணம் 15 டாலர், ஒன்பது வயது முதல் யாரும் போகலாம். கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பல வருடம் காட்டில் திரிந்த அனுபவசாலிகள். மூன்றாவது, பாடத்தை ஆன்லைனில் படித்துவிட்டு, செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் ஒருநாள் நேரில் போவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வசதி.

பதினேழு தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஆன்லைனைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடுகிறதே! சின்ன வயதிலிருந்து தாத்தாவோடு பண்ணையில் துப்பாக்கி பிடித்து வளர்ந்த டெக்சஸ்காரருக்கு அது போதும். என்சிசி முகாமில் ஒருமுறை ஐந்து ரவுண்டு சுட்டதோடு நிறுத்திக்கொண்ட நமக்கு அது போதாது. குழல்முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கையும் கண்ணும் தானாகக் கவனிக்கிற பழக்கம் திரையைப் பார்த்து வராது. சட்டம் எதை அனுமதித்தாலும், முதன்முறை துப்பாக்கி தொடுகிறவர் நேரடி வகுப்புக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

காட்டுப்புறா சீசன் மாநிலத்தின் பெரும்பகுதியில் செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. ஆகஸ்ட் கடைசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாடம் ஞாபகம் வரும். வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ முடித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்தப் பாடத்துக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது கூட்டாட்சி வரி விதித்து, வனவிலங்குப் பராமரிப்புக்காக அதை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், மற்ற துப்பாக்கிகளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். 1970-களிலிருந்து அதில் ஒரு பங்கு வேட்டைக் கல்விக்கும் போகிறது. வேட்டைக்காரர் வாங்கும் தோட்டாவிலேயே அடுத்த வேட்டைக்காரரின் வகுப்புச் செலவும் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

அடிப்படை நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. குழல்முனையை ஆபத்தில்லாத திசையில் வை. சுடப்போகும் வரை விசையில் விரல் படக்கூடாது. குறி என்ன, அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் சுடாதே. கேட்க எளிதாக இருக்கும். மான் கண்ணில் பட்டு நெஞ்சு படபடக்கும்போது நாலாவது விதி முதலில் மறந்துபோகும். புள்ளி 22 என்று நாம் பொம்மை மாதிரி நினைக்கிற சின்னத் தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் பறக்கும்.

பிறகு வருவது சின்னச் சின்ன விஷயங்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் வகுப்பின் உண்மையான மதிப்பு இருக்கிறது. கேஜ் என்பது ரவைத் துப்பாக்கிக் குழலின் அளவு, எண் பெரிதானால் குழல் சிறிது. 20 கேஜ் தோட்டா ஏன் மஞ்சளாக இருக்கிறது தெரியுமா? அது 12 கேஜ் துப்பாக்கிக்குள் தவறிப் போனால் குழலின் நடுவில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். கண்ணுக்குச் சட்டென்று வேறுபாடு தெரியத்தான் அந்த மஞ்சள். கம்பிவேலி தாண்டும்போது துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது. தோட்டாக்களை வெளியே எடுத்து, தாண்டப்போகும் இடத்துக்கு எதிர்த் திசையில் முனை இருக்கும்படி வேலிக்கு அடியில் கிடத்திவிட்டு, அப்புறம்தான் தாண்ட வேண்டும். மரப் பரணில் ஏறுகிறவர் தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே முழு உடலையும் தாங்குகிற பாதுகாப்புப் பட்டையை மாட்ட வேண்டும். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாமல், காலியாக்கி, மேலே போனபின் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும்.

மானின் உடலில் எங்கே சுட வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம். காயம்பட்டது ஓடினால் உடனே துரத்தாமல் காத்திருந்து, ரத்தத் தடம் பார்த்துத் தேட வேண்டும். சுட்டதைத் தேடாமல் விட்டுவிட்டுப் போவது டெக்சஸில் குற்றமும்கூட.

சுடும் எல்லை என்ற பாடத்துக்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம். மூன்று பேர் வரிசையாக நடந்து பறவை வேட்டையாடும்போது, ஒவ்வொருவருக்கும் முன்னால் சுமார் 45 பாகை அகலத்தில் ஒரு விசிறி மாதிரி இடம். பறவை அதைத் தாண்டிப் பறந்தால் அது உங்கள் பறவை இல்லை. 2006 பிப்ரவரி 11 அன்று தெற்கு டெக்சஸில் ஒரு பண்ணையில், அப்போதைய துணை அதிபர் டிக் செனி காடை வேட்டையில் பறவையைத் தொடர்ந்து திரும்பிச் சுட்டபோது, கூட வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். செனி பிறந்தது 1941-இல். சட்டப்படி அவருக்குப் பாடம் தேவையே இல்லை. விலக்கு இருப்பவர்களும் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நான் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அந்த நாளில் பறவை வேட்டைக்கான 7 டாலர் முத்திரை வாங்காமல் போனதற்காக அவருக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்கள் என்பது தனிக் கதை.

சான்றிதழ் கையில் வந்த பிறகு

ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். புதுப்பிக்க வேண்டியதில்லை. மற்ற மாநிலங்களும் கனடா மாகாணங்களும் இதை ஏற்கின்றன, அவர்கள் கொடுத்ததை டெக்சஸும் ஏற்கிறது. ஆகவே வேறு மாநிலத்தில் இருந்தபோது முடித்தவர் மறுபடி படிக்க வேண்டாம். ஆனால் விலக்கு அப்படிக் கூடவே பயணம் செய்யாது. 1960-இல் பிறந்தவருக்கு டெக்சஸில் பாடம் வேண்டாம். அவரே கொலராடோவுக்கு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனால் அங்கே கோடு 1949 ஜனவரி 1. அன்றோ அதன்பின்போ பிறந்தவர் சான்று காட்ட வேண்டும்.

வேட்டையின்போது சான்று உங்களிடம் இருக்க வேண்டும். காகிதமாகவோ போனிலோ இருக்கலாம். வேட்டை விதிகளைக் கண்காணிக்கிற அதிகாரியான கேம் வார்டன் கேட்கும்போது வீட்டில் இருக்கிறது என்பது பதில் இல்லை. விதியை மீறினால் 25 முதல் 500 டாலர் வரை அபராதம். லைசன்ஸ் வேறு, பாடம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சஸில் வசிப்பவருக்கு வேட்டை லைசன்ஸ் 25 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 315. பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் 7. டெக்சஸில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியாருடையது என்பதால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. பொது வேட்டை நிலங்களுக்குத் தனி அனுமதிச் சீட்டும், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு உடுப்பு விதியும் உண்டு.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்

ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்குவது மட்டும் அல்ல. நண்பருடைய துப்பாக்கியை அவர் பக்கத்தில் நிற்கும்போதே கையில் வாங்கினாலும் வைத்திருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர்களுக்குச் சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. நடைமுறையில் பலரும் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ். துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற கூட்டாட்சிப் படிவத்திலும் இதைக் கேட்பார்கள்.

டெக்சஸின் வழக்கமான லைசன்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 காலையில் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற துப்பாக்கி சட்டவிரோதமாகிவிடும். நீங்கள் வேட்டைக்கே போகாவிட்டாலும் அப்படித்தான். இது 25 டாலர் அபராதத்தோடு போகிற மாநில விதிமீறல் இல்லை. கூட்டாட்சிக் குற்றம், விசாவையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் இது இன்னும் சிக்கல். பயிரை நாசம் செய்கிற பன்றிகளைத் தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு சுட, 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் வேட்டை லைசன்ஸே தேவையில்லை. பண்ணை வைத்திருக்கும் நண்பர் நல்லெண்ணத்தில் "பன்றிக்கு எதுக்கு லைசன்ஸ், சும்மா வா" என்பார். அவரைப் பொறுத்தவரை அது சரி. நீங்கள் ஹெச்-1பியில் இருந்தால், அவருடைய துப்பாக்கியைத் தொடும் முன் உங்கள் பெயரில் நடப்பு லைசன்ஸ் இருக்க வேண்டும். பன்றிக்காக அல்ல, துப்பாக்கிக்காக.