சோற்றைத்தானே விட்டேன், மாத்திரையை விடவில்லையே

காலை பத்தே கால் இருக்கும். பாளையங்கோட்டையில் என் கிளினிக் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அண்ணாச்சியை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். (ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கை நடுங்கியது. "என்ன செய்கிறது அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "சில்லறையாகக் கொடுங்கள்" என்றார்.

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை என்போம். உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பையில் இருந்த போன் மணியடித்தது. நர்ஸ் எடுத்துக் காட்டினார். திரையில் பச்சை வளையம், நடுவில் '14 மணி 20 நிமிடம்', அதன் கீழே விரதம் அருமையாகப் போகிறது என்று ஒரு வாழ்த்து.

கொஞ்ச நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தார். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் தொப்பை கரையும் என்று ஒரு வீடியோ வந்ததாம். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுநாள் பகல் பன்னிரண்டுக்குத்தான் அடுத்த வாய் என்று ஐந்து நாளாக இருந்திருக்கிறார். அன்றும் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, வழக்கம்போலக் காலை எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார்.

"சோற்றைத்தானே டாக்டர் விட்டேன், மாத்திரையை விடவில்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை விடாதீர்கள் என்று பத்து வருடமாக அவருக்குப் பாடம் சொன்னது நான்தான்.

அவர் போடும் மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இப்படிக் கவிழ்ப்பது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. வயிற்றில் இட்லி இருக்கிறதா, வெறும் வயிறா என்றெல்லாம் அது பார்க்காது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. அவர் மனைவி விவரமானவர். வியர்வையைப் பார்த்ததுமே வீட்டில் இருந்த உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துச் சப்பக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெளியவில்லை. காரணம் அந்த மூன்றாவது மருந்து. கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பாலும் நம் வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். அது குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆக வேண்டும். அந்த உடைப்பைத் தாமதப்படுத்துவதுதான் வோக்ளிபோஸின் தொழில். ஆகவே அந்த மருந்து சேர்ந்த மாத்திரை போடுகிறவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே வைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். கிளிமிபிரைடு நெடுநேரம் வேலை செய்வதால் தெளிந்த பிறகும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், மறுபடி இறங்குகிறதா என்று கவனிக்கவும் வேண்டும். (கருப்பட்டி போட்ட காபி சர்க்கரையை ஏற்றாது என்று வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். நன்றாகவே ஏற்றும்.)

விரதத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. மேலப்பாளையத்திலிருந்து வரும் பாய்மார்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "நோன்பு வருகிறது டாக்டர், மாத்திரையை மாற்றி எழுதுங்கள்" என்பார்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நோன்பு திறந்த பிறகு போடுவது என்று பேசி முடித்துக்கொண்டு போவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டினி இருந்து பழகியவர்களே கேட்டுவிட்டு இருக்கிறார்கள். போனில் பார்த்து ஆரம்பிக்கிறவர்களுக்குத்தான் கேட்கத் தோன்றுவதில்லை. அது மருந்தில்லையே, வெறும் சாப்பாடுதானே என்ற நினைப்பு.

அரிசியை அடியோடு விடுகிறவர்கள் விஷயமும் இதேதான். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததும் பூரித்துப்போய் வருவார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போய்விடுகிறது. இதில் ஆபத்து ஒன்றுமில்லை, ஏமாற்றம்தான். ஆனால் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை போடுகிறவர் சோற்றை அறவே நிறுத்தினால் கதை வேறு. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். அப்போது வீட்டு மீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதுதான் இதன் கள்ளத்தனம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் கைக்கடிகாரம் இன்னொன்று. ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டும் என்று சொல்லி விற்கிறார்கள். அப்படிப்பட்ட கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. தோலுக்கு அடியில் மெல்லிய கம்பி நுழைத்து அளக்கும் சென்சார் வேறு. அதை நானே எழுதித் தருகிறேன். அதே கடிகாரம் தினமும் கேட்கும் பத்தாயிரம் அடிகளும் ஆராய்ச்சியில் பிறந்த எண்ணல்ல. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் தன் அடி எண்ணும் கருவிக்கு வைத்த விற்பனைப் பெயரிலிருந்து வந்தது. நடப்பது நல்லது, நடக்கட்டும்.

2025இல் ஒரு செய்தி படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் அறுபது வயதுக்காரர் ஒருவர், உணவில் குளோரைடைக் குறைக்கலாம் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு, உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை மூன்று மாதம் சேர்த்துக்கொண்டார். அது நஞ்சாகி மனம் குழம்பி, பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மூன்று வாரம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் புரோமைடு யாரும் வாங்கப் போவதில்லை. நம்மூர் செயலிகளின் அறியாமை வேறு மாதிரி. என்னிடம் வரும் ஓர் ஆசிரியை, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சாப்பிட்ட சொதியைப் பதிவு செய்யப் போனார். செயலிக்குச் சொதி தெரியவில்லை. 'காய்கறி சூப்' என்று எடுத்துக்கொண்டது. முதல் பாலும் இரண்டாம் பாலுமாகத் தேங்காயைப் பிழிந்து ஊற்றியதைச் சூப் என்றால் கணக்கு எங்கே நிற்கும்?

அண்ணாச்சி இன்னும் விரதம் இருக்கிறார். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வழியிலும் வீட்டிலும் குளுக்கோஸ் பொடி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. போன வாரம் மறுபடி வந்தார், ஊறவைத்த வெந்தயத்தைப் பற்றிப் புதிய வீடியோ ஒன்றோடு. அதை ஓடவிடுவதற்கு முன் சட்டைப் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். "முதலில் இதைப் பாருங்கள் டாக்டர்" என்றார்.