மங்கினால் சிவக்கும் பல்பு, சிவக்காத பல்பு

பினாங்கு தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களில் குண்டு பல்பு கட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டியதும் ஜெனரேட்டர் திணறும். பல்பெல்லாம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்து சோர்ந்துபோகும். இப்போதைய எல்இடி சரங்கள் மங்கும், மினுக்கும், அணைந்தே போகும். ஆனால் நீலச் சரம் கடைசிவரை நீலம்தான். ஒன்று நிறம் மாறுகிறது, இன்னொன்று மாறுவதில்லை. ஏன் என்று தேடிப் போனால், 1900ஆம் ஆண்டு பெர்லினில் போய் நிற்போம்.

குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸில் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே எல்லாம் கன்னாபின்னாவென்று அதிரும். அதிரும் மின்னூட்டம் ஒளி வீசும் என்பது மேக்ஸ்வெல் காலத்து இயற்பியல், அதில் தப்பில்லை. கோளாறு கணக்கில் வந்தது. பழைய கோட்பாட்டின்படி, சூட்டின் ஆற்றல் எல்லா வகை அதிர்வுக்கும் சரிசமமாகப் பங்கு போகவேண்டும். சிவப்பிலிருந்து நீலம், புற ஊதா என்று மேலே போகப் போக அதிர்வு வகைகள் பெருகிக்கொண்டே போகும். மொத்தத்தையும் கூட்டினால் முடிவிலி! அது உண்மையென்றால் அடுப்பிலுள்ள கரித்துண்டே புற ஊதாவைக் கொட்டி நம்மைப் பொசுக்கியிருக்கும்.

பெர்லினில் ரூபென்ஸும் குர்ல்பாமும் சூடான பொருள்களின் ஒளியைத் துல்லியமாக அளந்து வைத்திருந்தார்கள். அந்த அளவுகளுக்குப் பொருந்துகிற சூத்திரத்துக்காக மேக்ஸ் பிளாங்க், கிட்டத்தட்ட வேறு வழியில்லாமல், ஒரு நிபந்தனை போட்டார்: அதிரும் பொருள் ஆற்றலை முழு முழுப் பொட்டலமாகத்தான் கொடுக்கவும் வாங்கவும் முடியும். பொட்டலத்தின் அளவு, அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் வருவது. அந்த மாறிலி படுசிறியது. ஜூல்-விநாடி அலகில், தசமப் புள்ளிக்குப் பின் 33 சுழியம் போட்டு 6626 என்று எழுதவேண்டும். ஒளியே பொட்டலமாகத்தான் வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் ஒரு படி மேலே போனார். அந்தப் பொட்டலத்தைத்தான் இன்று ஃபோட்டான் என்கிறோம்.

கடனும் தராத, பாதிப் பொருளும் விற்காத கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல ஒளிக்கு அதிர்வெண் கூட, பொட்டலமும் பெரிது; அதனால் சிவப்பு விலை குறைவு, நீலம் விலை கூட. இழையின் சூடு குறைந்தால் கையில் காசு குறைகிறது. முதலில் வாங்க முடியாமல் போவது நீலம். பல்பு சிவப்பது இதனால்தான்.

சரி, எல்இடி? அது சூட்டை நம்பி எரிவதில்லை. அதன் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள். நடுவில் ஓர் இடைவெளி. அங்கே எந்த எலக்ட்ரானும் நிற்க முடியாது. மேல் பட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரான் கீழே விழும்போது, அந்த இடைவெளி அளவு ஆற்றல் ஒரு ஃபோட்டானாக வெளியேறுகிறது. இடைவெளி படிகத்தின் குணம். மின்சாரத்தைக் குறைத்தால் விழுகிற எலக்ட்ரான்கள் குறையும். விழுகிற உயரம் குறையாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடியை இணைத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியாது. பத்து பேட்டரியைப் பக்க இணைப்பில் வைத்தாலும் அதே கதைதான். சிவப்பு ஃபோட்டானின் விலை ஏறக்குறைய 1.9 எலக்ட்ரான் வோல்ட் (ஒரு வோல்ட் ஓர் எலக்ட்ரானுக்குத் தருகிற ஆற்றல்தான் ஓர் எலக்ட்ரான் வோல்ட்). ஒவ்வோர் எலக்ட்ரானின் கையிலும் இருப்பது 1.5தான், பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்க அந்தக் கடையில் வழியில்லை. இரண்டே பேட்டரியைத் தொடராக இணையுங்கள், பளிச்சென்று எரியும். (நடுவில் ஒரு மின்தடை போட மறக்காதீர்கள், இல்லையென்றால் எல்இடி கருகிவிடும்.) நீலத்துக்குச் சுமார் 2.7 வேண்டும். எல்லை கத்தி வெட்டியது போல இருக்காது. அறைச் சூட்டின் தயவில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் முன்னதாகவே தாண்டிவிடும். ஆனாலும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எந்த வோல்டேஜில் விழிக்கிறது என்று குறித்து, அதிர்வெண்ணோடு வரைபடம் போட்டால், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியையே ஓரளவுக்குக் கணக்கிடலாம். நம் படிவம் 5 இயற்பியலில் குவாண்டம் தனிப் பாடமாகவே இருக்கிறது. பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, சில சென் பெறுகிற இந்த எல்இடிகளோடு ஒரு மதியம் உட்காருவது மேல் என்பது என் கட்சி.

வெள்ளைக்கென்று ஓர் இடைவெளி கிடையாது. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீலச் சிப்புதான்; மேலே பூசிய மஞ்சள் பொடி நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் துப்ப, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்இடி 1962லேயே வந்துவிட்டது. காலியம் நைட்ரைடு படிகத்தை ஒழுங்காக வளர்த்துப் பிரகாசமான நீலத்தை எடுக்க 1990கள் வரை ஆனது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.

பினாங்குக்கு இந்தத் தொழில் புதிதில்லை. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் லிட்ரோனிக்ஸ் ஒன்று. எல்இடிதான் அதன் சரக்கு. மணல் பருக்கை அளவு சிப்பில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது ஒரு வேலை என்றால், பிரிப்பது இன்னொரு வேலை. ஒரே வேஃபரில், அதாவது பல சிப்புகளாக வெட்டப்படும் ஒரே வட்டத் தகட்டில், வளர்ந்த நீலச் சிப்புகளில்கூட, படிகத்தில் கலக்கிற இண்டியம் என்ற உலோகம் இம்மியளவு கூடக்குறைய இருக்கும். அதனால் இடைவெளி மாறும், நிறம் விலகும். எனவே ஒவ்வொன்றையும் எரியவிட்டு, வோல்டேஜையும் நிறத்தையும் அளந்து தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். ஃபேக்டரியில் இதற்குப் பின்னிங் என்று பெயர். மலிவு விளக்குகளில் பக்கத்துப் பக்கத்து எல்இடிகளில் ஒன்று வெளுத்தும் ஒன்று பழுத்தும் தெரிந்தால், பெரும்பாலும் இந்தப் பிரிப்பில்தான் யாரோ காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.