ரிசல்ட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் நடுவில் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். பிளஸ் டூவில் நல்ல மார்க். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள், ரேங்க் லிஸ்டில் பெயரும் இருந்தது. கவுன்சிலிங்குக்கு வரச்சொன்ன குறுஞ்செய்தி மட்டும் அவளுக்கு வரவில்லை. விண்ணப்பத்தில் இருந்த செல்போன் எண் பிரவுசிங் சென்டர்காரருடையது. ஓ.டி.பி.க்காக ஒவ்வொருவரிடமும் போனைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று தன் எண்ணையே போட்டுவிட்டார். மூன்று நாள் கழித்து அவள் அப்பாவோடு கல்லூரிக்குப் போனபோது அவளுடைய ரேங்க் தாண்டிப் போயிருந்தது. அப்பா கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் அத்தனை சான்றிதழும் வரிசையாக. அதை ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

மார்க் இல்லாமல் சீட்டு போவதைவிட இப்படிப் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கே போகக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வருகின்றன. பட்டத்தில் அதன் பெயர்தான் இருக்கும். ஆனால் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேர்க்கை நடப்பது கல்லூரிகளில். பல்கலைக்கழகத்தின் சேர்க்காடு வளாகம் முக்கியமாக முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும். பஸ் பிடித்து அங்கே போய் 'டிகிரி அப்ளிகேஷன் வேணும்' என்று கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. நீங்கள் போகவேண்டாம்.

அரசுக் கல்லூரி என்றால், அதாவது வேலூர் முத்துரங்கம் கல்லூரி, குடியாத்தம் திருமகள் ஆலைக் கல்லூரி, வாலாஜாப்பேட்டை மகளிர் கல்லூரி, செய்யாறு, திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரிகள் போன்றவற்றுக்கு, விண்ணப்பம் ஒரே இணையதளத்தில்: டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. (TNGASA). பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் திறப்பார்கள். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். அதில் ஐந்து கல்லூரிகள் வரை கேட்கலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 48 ரூபாய் கிடையாது, 2 ரூபாய் மட்டும். இதைச் சொல்லாமல் எல்லோரிடமும் ஒரே தொகையை வாங்கி, அதற்குமேல் தன் கூலியாக இருநூறு முந்நூறு வாங்குகிற கடைகள் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளில் உதவி மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே இலவசமாகப் பூர்த்தி செய்து தருவார்கள். கூட்டமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். எங்கே செய்தாலும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போகிறார் என்றால், அந்த இரண்டு வாரம் போன் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இது பொறியியல் கவுன்சிலிங் மாதிரி இல்லை. விண்ணப்பம்தான் ஒரே இடத்தில். அதற்குப்பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வந்த பெயர்களை வைத்துத் தனியாக ரேங்க் லிஸ்ட் போடுகிறது, தனியாகக் கூப்பிடுகிறது. ஐந்து கல்லூரி கேட்டிருந்தால் ஐந்தையும் நீங்கள்தான் கவனிக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூப்பிட்டால் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். குறுஞ்செய்தி வரும் என்று உட்கார்ந்திருக்காமல், கல்லூரியின் இணையப்பக்கத்தையும் வாசலில் ஒட்டுகிற நோட்டீஸையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

ரேங்க் போடுவது எப்படி? 600-க்கு எத்தனை என்பதைப் பார்த்து நம்பிக்கை வைக்காதீர்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தள்ளிவிட்டு மற்ற நான்கு பாடத்தின் 400-க்குத்தான் பெரும்பாலான பாடப்பிரிவுகளில் ரேங்க். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மொழிப்பாடத்தில் 95 வாங்கி மற்றதில் சுமாராக இருக்கிற பிள்ளை பி.காம். மட்டுமே கேட்டுவிட்டு, தமிழ் கேட்டிருந்தால் முதல் நாளே சீட்டு என்பது தெரியாமல் காத்திருக்கிறது. விருப்பப் பட்டியலில் அதையும் சேர்த்துவைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. பி.எஸ்சி. கேட்கிறவர்கள், அந்தப் பாடத்தைப் பிளஸ் டூவில் படித்திருக்கவேண்டும் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு டிக் செய்யுங்கள். திரை எதையும் ஏற்றுக்கொள்ளும். கவுன்சிலிங் மேஜையில் உட்கார்ந்திருக்கிற ஆசிரியர்தான் கடைசியில் இல்லை என்பார்.

சரி, இனி சாதிச் சான்று. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

இட ஒதுக்கீடு 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அதில் அருந்ததியர் 3), எஸ்.டி. 1. மீதி 31 எல்லோருக்கும் பொது. உங்கள் சான்றில் இருக்கிற எழுத்துத்தான் உங்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறது. முஸ்லிம்களுக்குத் தனி 3.5 வந்தது 2007-இல், அருந்ததியர் உள்ஒதுக்கீடு 2009-இல். அதற்கு முன்பு வாங்கிய அப்பா, அண்ணன் சான்றுகளில் வெறும் பி.சி. என்றும் எஸ்.சி. என்றும்தான் இருக்கும். அதையே பார்த்து விண்ணப்பத்தில் போட்டால் உங்களுக்கென்று வைத்த இடத்தை நீங்களே விட்டுவிடுகிறீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து வீடுகள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. லப்பை, ஷேக், தக்கணி முஸ்லிம் என்று பட்டியலில் உள்ள பிரிவு எழுதியிருக்கவேண்டும். ஆதி ஆந்திரர், மாதிகா என்று சான்று வைத்திருக்கிற குடியாத்தம், காட்பாடிப் பக்கத்துக் குடும்பங்களே, அந்தப் பெயர்களும் அருந்ததியர் உள்ஒதுக்கீட்டில் வருகின்றன. நிறைய பேருக்கு இது தெரியாது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்குச் சேர்க்கையில் பி.சி. இடம்தான். பழைய எஸ்.சி. சான்றைக் கொண்டுபோய் மேஜையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை, ஏலகிரி, புதூர்நாடு. எஸ்.டி. பட்டியலில் மலையாளி (கேரளத்தவர் இல்லை, மலைவாழ் பழங்குடி) என்பதற்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர் இருக்கிறது, அதில் ஒன்று வட ஆற்காடு. அந்த மாவட்டத்தை 1989-இல் பிரித்தார்கள். அப்புறம் 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பட்டியலில் இன்னும் பழைய பெயர்தான், அதன் பொருள் அந்தப் பழைய நிலப்பரப்பு முழுவதும். எஸ்.டி. சான்றைத் தாசில்தார் கொடுக்கமாட்டார், வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்கவேண்டும். நாள் பிடிக்கும். மே மாதம் ரிசல்ட் வந்தபிறகு அலைந்தால் கவுன்சிலிங் முடிந்துவிடும். பிள்ளை பிளஸ் ஒன்னில் இருக்கும்போதே போட்டுவையுங்கள்.

மற்றவர்கள் இ-சேவையில் விண்ணப்பிப்பது, கட்டணம் 60 ரூபாய். அது வி.ஏ.ஓ.விடம் போய், ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) போய், தாலுகா அலுவலகத்துக்குப் போகும். எங்கே நிற்கிறது என்பது விண்ணப்ப எண்ணைப் போட்டால் தெரியும். இதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு தாலுகா அலுவலகத்தில் ஓர் அம்மா நான்கு நாள் வந்துபோனார். ஒவ்வொரு முறையும் 'சார் மீட்டிங் போயிருக்கார், நாளைக்கு வாம்மா'. அவருடைய விண்ணப்பம் அங்கே வரவே இல்லை, வி.ஏ.ஓ.விடம் நின்றுகொண்டிருந்தது. பெயரைக் கேட்டு ஒரு நிமிஷம் கணினியைத் தட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான்கு நாள் கூலியை யார் கொடுப்பது? நீங்கள் போகும்போது விண்ணப்ப எண்ணைத் துண்டுச்சீட்டில் பெரிதாக எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். 'எந்த மேஜையில் இருக்கிறது' என்று மட்டும் கேளுங்கள்.

நிரந்தர சாதிச் சான்று அட்டை உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அது ஆயுசுக்கும் செல்லும். அதில் வேலூர் மாவட்டம், வாலாஜா தாலுகா என்றிருக்கிறது, நீங்கள் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் என்பதற்காகப் புதிது வாங்கவேண்டியதில்லை. வாங்கு என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். சித்தூர்ப் பக்கம் ஆந்திராவில் வாங்கிய சான்று மட்டும் இங்கே இட ஒதுக்கீட்டுக்கு உதவாது.

வருமானச் சான்றுக்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். அது உதவித்தொகைக்கு, சேர்ந்தபிறகு கொடுக்கலாம். முதல் பட்டதாரிச் சான்று பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்புக் கட்டணச் சலுகைக்கு. பி.ஏ. சேர அதற்காக ஒரு வாரம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும் தொழிற்படிப்புகளுக்குத்தான். கலை அறிவியலில் அப்படி ஒன்று இல்லை, இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கிறவர் ஏமாற்றுகிறார்.

அடுத்தது டி.சி., அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ். இதை உரக்கச் சொல்ல ஆசை. ரிசல்ட் வந்த வாரமே தனியார் கல்லூரி ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். 'அரசுக் கல்லூரியில் கிடைக்காது, இன்றைக்கே ஐயாயிரம் கட்டி டி.சி.யும் மார்க் ஷீட்டும் கொடுத்துவிடுங்கள், சீட்டு நிச்சயம்' என்பார்கள். பயந்துபோய்க் கொடுத்துவிடுகிறீர்கள். ஜூனில் அரசுக் கல்லூரி கூப்பிடும், அங்கே அசல் டி.சி. கேட்பார்கள். தனியார் கல்லூரிக்குப் போய்க் கேட்டால் முழு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து அப்போதே திருப்பித் தரவேண்டும், நகலைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று 2018-இலேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியிருக்கிறது. படிப்பை விட்டு விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டணம் திருப்பித் தரவேண்டும் என்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், யு.ஜி.சி. இணையதளத்தில் புகார் போடுங்கள். இருந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் இருப்பது வேறு, டி.சி. உங்கள் கையில் இருப்பது வேறு. அரசுக் கல்லூரிகளில் கூப்பிட்டு முடிக்கும்வரை அதை வீட்டுப் பெட்டியிலேயே வையுங்கள்.

ஊரீசு, ஆக்சிலியம், டி.கே.எம். போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே தனி விண்ணப்பம். உதவிபெறும் கல்லூரி எதுவானாலும் ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: 'இது எய்டட் சீட்டா, செல்ஃப் பைனான்ஸா?' ஒரே கேம்பஸ், ஒரே பெயர்ப்பலகை, ஒரே பாடம், ஆனால் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ரசீதில் எது என்று எழுதி வாங்குங்கள்.

மேஜையில் சீட்டு எடுக்கும்போது இரண்டு நிமிஷம் நிதானியுங்கள். முதல் ஷிப்டா, இரண்டாவது ஷிப்டா? இரண்டாவது சாயங்காலம்தான் விடும், மலைக்கிராமத்துக்கோ உள்கிராமத்துக்கோ கடைசி பஸ் எப்போது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். தமிழ் வழியா, ஆங்கில வழியா? ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஆங்கில வழி கௌரவம் என்று அதை எடுத்தால், பட்டப்படிப்புத் தகுதி கேட்கிற தமிழக அரசு வேலைகளில் தமிழ் வழிக்கான 20 சதவீத முன்னுரிமையை அந்த நிமிஷமே இழக்கிறது. மூன்று வருஷம் கழித்துத் தேர்வெழுதும்போதுதான் தெரியவருகிறது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

சேர்ந்தபிறகு மாதம் 1000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருக்கவேண்டும். எட்டாவது வரை தனியார் பள்ளி, அப்புறம் அரசுப் பள்ளி என்றால் வராது. ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) சீட்டில் தனியாரில் எட்டாவது வரை படித்திருந்தால் மட்டும் வரும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பணம் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கில். பள்ளியில் திறந்த பழைய கணக்கு செத்துக் கிடக்கும், ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், 'என் ஆதாருக்கு வருகிற அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போகும்' என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். 'ஆதார் லிங்க் ஆகிவிட்டதா' என்று கேட்டால் ஆகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் இனிஷியலும் ஆதாரில் அப்படியே இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் வருஷம் ஓடிவிடும்.

முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் உடனே தனியாருக்கு ஓடாதீர்கள். சீட்டு எடுத்தவர்களில் சிலர் பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் போய்விடுவார்கள், இடம் காலியாகும். அண்மை ஆண்டுகளில் தேவை அதிகமாக இருந்தபோது அரசுக் கல்லூரிகளில் 20 சதவீதம் வரை கூடுதல் இடத்துக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். துணைத்தேர்வில் தேறியவர்களும் அப்போது போகலாம். வாசலில் வாட்ச்மேன் 'அட்மிஷன் முடிஞ்சிடுச்சு' என்றால் திரும்பிவிடாமல், உள்ளே போய்ச் சேர்க்கைக் குழு ஆசிரியரைப் பாருங்கள், எந்தத் துறையில் எந்தப் பிரிவில் காலி என்று கேளுங்கள். ஒடுகத்தூர்ப் பெண் அப்படித்தான் ஆகஸ்டில் வரலாறு சேர்ந்தாள். அவள் கேட்டது பி.காம்.