ராட் பேக்: எலிப் பட்டாளம்

ராட் பேக் என்பது பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் அவர் நண்பர்களும் அடங்கிய அமெரிக்க மேடைக் கூட்டத்தின் பெயர். ராட் என்றால் எலி. பேக் என்பது இங்கே பையும் அல்ல, சீட்டுக்கட்டும் அல்ல. ஓநாய்கள்போல் சேர்ந்தே திரியும் கூட்டம். தமிழில் எழுதும்போது ‘ரேட் பேக்’ வேண்டாம், விலைப்பட்டியல் நினைவுக்கு வரும். ‘ராட் பேக்’ என்றே எழுதலாம்.

பெயர் பிறந்தது மேடையில் அல்ல, ஒரு வீட்டில். நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டின் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் 1950களில் கூடிய குடிக்கூட்டாளிகளுக்கு உரியது அது. 1955இல் லாஸ் வேகாஸில் கும்மாளமடித்துக் களைத்துக் கிடந்தவர்களைப் பார்த்து அவர் மனைவி லாரன் பகால் வைத ஒரு வசவே பெயராக நிலைத்தது என்பார்கள். சினாட்ராவும் அப்போதே அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1957 ஜனவரியில் போகார்ட் இறந்தார்.

இன்று அந்தப் பெயர் சொன்னதும் நினைவுக்கு வருவது அடுத்த அணி: சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர், பீட்டர் லாஃபோர்டு, ஜோயி பிஷப். 1960 ஜனவரி, பிப்ரவரியில் பகலில் ‘ஓஷன்ஸ் 11’ படப்பிடிப்பு, இரவில் சாண்ட்ஸ் ஹோட்டலின் கோப்பா அறையில் மேடை. ஒருவர் பாடும்போது மற்றவர் குறுக்கே புகுந்து பாட்டைக் கெடுப்பதுதான் நிகழ்ச்சியே. அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் வேறு. அந்த ஆண்டு பாரிஸில் வல்லரசுத் தலைவர்கள் கூடவிருந்ததைக் கேலி செய்து ‘உச்சி மாநாடு’ என்றார்கள். பத்திரிகைகள் ‘கிளான்’ என்றும் எழுதின. கறுப்பினத்தவரான டேவிஸ் இருக்கும் அணிக்கு, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானை நினைவூட்டும் பெயர்!

‘ராட் பேக் இசை’ என்று தனி வகை கிடையாது. ஐவரும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ ஆல்பம் செய்ததில்லை. லாஃபோர்டு நடிகர், பிஷப் நகைச்சுவையாளர். அப்படிக் குறிப்பிடப்படுவது மற்ற மூவரின் ஸ்விங் பாட்டு, அதாவது துள்ளலான ஜாஸ் வகை: பித்தளைக் கருவிகள் நிறைந்த பெரிய இசைக்குழு, முன்னே மைக்கோடு ஒரே குரல். தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, பேசுவதுபோல் வரியை விடுவது சினாட்ராவின் பாணி. வெறும் சோம்பல் என்று நினைத்துப் போலி செய்பவர்கள் தாளத்தையே தவறவிடுகிறார்கள். கேட்கத் தொடங்க, ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேஸியின் இசைக்குழுவோடு சினாட்ரா பாடிய ‘சினாட்ரா அட் த சாண்ட்ஸ்’ (1966) போதும். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் அலை ஓங்கியிருந்த 1964 ஆகஸ்டில் அவர்களையே அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியவர் மார்ட்டின்.

தமிழில் என்ன சொல்வது? ‘எலிக்கூட்டம்’ வயலையும் களஞ்சியத்தையும் நினைவூட்டும். ‘குழாம்’ நல்ல பழஞ்சொல், ஆனால் புலவர் குழாம் என்னும் கண்ணியம் அதில் ஒட்டியிருக்கிறது. வசவில் பிறந்த பெயருக்கு அது ஆகாது. ‘எலிப் பட்டாளம்’ பொருந்தும்: குழந்தைப் பட்டாளம் என்று வீட்டில் அலுத்துக்கொள்ளும் தொனி அதில் இருக்கிறது. பட்டாளம் ஐரோப்பிய வழி வந்த சொல்தான், அதனால் குறையில்லை. பெயராக இல்லாமல் பொருளை மட்டும் சொல்ல ‘ஜமா’வைவிடச் சிறந்தது கிடைக்காது. அரபு வேர் கொண்ட இச்சொல் இரவில் சீட்டும் குடியுமாகக் கூடும் நண்பர்களையும் குறிக்கும், தெருக்கூத்துக் குழுவையும் குறிக்கும். சினாட்ராவின் ஜமா இரண்டுமாக இருந்தது. 1985இல் அமெரிக்க இளம் நடிகர்களுக்குச் சூட்டப்பட்ட ‘பிராட் பேக்’ இதன் எதுகை நகல். அதற்கு ‘வாண்டுப் பட்டாளம்’ போதும்.