"எங்கட பக்கம் அந்தக் காய்ச்சல் இல்லை, டொக்டர்"

இந்தப் பெரும்போக நெல் விதைப்புக் காலத்தில் மட்டும் நான்காவது தடவை இதைக் கேட்கிறேன். போன கிழமை வந்தவர் கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி, நாற்பது வயதிருக்கும். ஆறு நாள் காய்ச்சலை வீட்டிலேயே பனடோலோடு கடத்திவிட்டு வந்திருக்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தன, கெண்டைக்காலில் கை வைத்தாலே துடித்தார், முதல்நாள் காலையிலிருந்து சலம் போகவில்லை. வயலுக்குள் இறங்கினீர்களா என்று கேட்டேன். வரம்பு கட்ட இறங்கினாராம், குதிக்காலில் வெடிப்பும் இருந்ததாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றதும் மனைவி உடனே சொன்னார்: "அது இரத்தினபுரிப் பக்கத்து வருத்தமெல்லோ?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை என்றுதான் வருடக்கணக்காகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். 2008இல் நாடு முழுவதும் 7000க்கும் மேற்பட்டோருக்கு இந்தச் சந்தேகம் பதிவானபோதும் நம் பேச்சில் அது தெற்கத்திய வருத்தமாகவே இருந்தது. எனக்கு எரிச்சல் வருவது, படித்தவர்களும் மாவட்டவாரி நோயாளர் பட்டியலைப் பார்த்து இதையே சொல்லும்போதுதான். 2012 கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சம், அதில் மேல் மாகாணத்தில் 58 இலட்சம், வட மாகாணத்தில் 10 இலட்சத்துச் சொச்சம். நூற்றுக்கு ஐந்து பேர் வாழ்கிற இடத்தின் நோயாளர் எண்ணிக்கை பட்டியலின் அடியில் நிற்காமல் வேறெங்கே நிற்கும்? பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர், அதிலும் சேற்றில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அதைவிட, 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய முதல் கணக்கெடுப்பே அந்த 2012தான். யுத்தகாலத்தில் நம் பக்கத்துக் காய்ச்சல்களை யார் ஒழுங்காக எழுதி வைத்தார்கள்?

நாட்டுச் சராசரியும் இப்படித்தான் ஏமாற்றும். 2016 ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத சிறு பிள்ளைகள் நாட்டளவில் நூற்றுக்கு 17, தேயிலைத் தோட்டப்புறத்தில் 32. டெங்குவும் அப்படி: கொழும்பில் ஜூன், ஜூலையில் ஏறும், யாழ்ப்பாணத்தில் மாரி மழைக்குப் பிறகுதான் ஏறும். தெற்கின் மழையைப் பார்த்து வடக்கில் வாளியைக் கவிழ்த்துப் பயனில்லை.

2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் ஆட்கள் செத்தபோது முதலில் அதை "மர்மக் காய்ச்சல்" என்றார்கள். பரிசோதித்தால் எலிக்காய்ச்சல். எலியின் சலமும் மாட்டின் சலமும் கலந்த நீர் எந்த மாகாணத்தில் தேங்கினாலும், காலில் புண்ணோடு இறங்கினால் கிருமி ஏறும்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். வயலில் இறங்கும் காலத்துக்கு முன்பே உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை கேளுங்கள், இலவசம். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எடுக்கக் கூடாது. குளிசை போட்டோம்தானே என்று புண்ணோடு இறங்காதீர்கள், அது முழுக் கவசம் இல்லை. காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், டைகுளோபெனாக் மாதிரி நோவுக் குளிசை வாங்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். வந்ததும் முதல் வார்த்தையாக "வயலுக்குள் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். முதல் கிழமையில் இரத்தப் பரிசோதனை பல நேரம் ஒன்றும் காட்டாது, நாங்கள் சிகிச்சையைத் தொடங்குவது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வசனத்தை வைத்துத்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, தயவுசெய்து இன்றைக்கு அப்பாவுக்குப் போன் எடுக்கும்போது வயல் வேலை எப்படி என்று கேட்டுவிட்டு, குளிசை எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

அந்த விவசாயிக்கு மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்தோம். நேற்றுத்தான் சலம் போகத் தொடங்கியிருக்கிறது. அவரோடு அதே வரம்பில் நின்ற தம்பியார் இன்னும் குளிசை வாங்கப் போகவில்லை.